மூலையில் ஒரு கோதுமைக்கதிர்க் கட்டு: பிரித்தானியத் தேவாலயச் சாளரங்கள் யாருடைய படைப்பு?

மழைநாள் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் பகுதியில் நடந்துகொண்டிருந்தபோது, மழைக்கு ஒதுங்க ஒரு சிற்றூர்த் தேவாலயத்துக்குள் நுழைந்தேன். உள்ளே ஒருவரும் இல்லை. தெற்குச் சுவரில் இரண்டு வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் அடுத்தடுத்து இருந்தன. முதல் சாளரத்தில் தேவதூதர்களின் சிறகுகள் மயிற்பீலிகளைக் கோத்தவை போலத் தீட்டப்பட்டிருந்தன. அங்கிகளின் ஓரங்களில் முத்துகள் வரிசையாகப் பதிந்திருந்தன. சாளரம் முழுவதும் பச்சையும் மங்கிய பொன்னிறமும் பரவியிருந்தன. அதன் கீழிருந்த பித்தளைத் தகட்டில் போரில் இறந்த ஒரு மகனின் பெயரும், அவன் நினைவாகச் சாளரத்தை அளித்த பெற்றோரின் பெயர்களும் இருந்தன. செய்தவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. ஆனால் கீழ் மூலையில், உள்ளங்கையைவிடச் சிறியதாக ஒரு கோதுமைக்கதிர்க் கட்டு வரையப்பட்டிருந்தது. கைப்பேசியில் எடுத்த படம் தெளிவாக இல்லை. கதிர்க்கட்டின் மேல் ஒரு கரும்புள்ளி மட்டும் தெரிகிறது.

இரண்டாவது சாளரம் என்னை வருத்தியது. அதிலிருந்த மனிதர்களுக்கு உடைகளும் கைகளும் இருந்தன. முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெண்ணிறக் கண்ணாடியே இருந்தது. கண்ணும் இல்லை, வாயும் இல்லை. யாரேனும் வேண்டுமென்றே அழித்திருப்பார்களா?

கோதுமைக்கதிர் யாருடைய அடையாளம் என்பதையும், இத்தகைய சாளரங்களைச் செய்தவர்களைப் பற்றிய செய்திகளையும் அறிய விரும்புகிறேன்.

ஈயப்பட்டை எழுதியது:

மழைநாள் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் பார்த்த கதிர்க்கட்டு சார்லஸ் ஈமர் கெம்ப் என்பவருடைய நிறுவனத்தின் முத்திரை. மயிற்பீலிச் சிறகுகளும் முத்து பதித்த அங்கிகளும் அந்தப் பட்டறையின் கைவண்ணத்தையே காட்டுகின்றன. கெம்ப் 1837இல் பிறந்தவர். தேவாலயக் குருவாக வேண்டும் என்று விரும்பியவர். திக்குவாய் காரணமாக அது கைகூடாமற்போகவே, தேவாலயங்களை அழகுசெய்வதையே தம் ஊழியமாக ஏற்றுக்கொண்டார். அவர் குடும்பச் சின்னத்தில் மூன்று பொற்கதிர்க் கட்டுகள் இருந்தன. அதிலிருந்தே இந்த முத்திரை பிறந்தது. 1907இல் அவர் இறந்தபின் உறவினரான வால்டர் டவர் நிறுவனத்தை நடத்தினார். அவருடைய குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் கோபுரம் என்று பொருள். ஆகவே, அவர் காலத்துச் சாளரங்களில் கதிர்க்கட்டின் மேல் ஒரு சிறிய கறுப்புக் கோபுரம் சேர்க்கப்பட்டது. உங்கள் படத்தில் தெரியும் கரும்புள்ளி அந்தக் கோபுரமாக இருக்கலாம். மீண்டும் செல்ல வாய்த்தால் தொலைநோக்கிக் கண்ணாடி கொண்டு பாருங்கள்.

முகமற்ற மனிதர்களைப் பற்றி: அதை எவரும் அழிக்கவில்லை என்றே நினைக்கிறேன். கண்ணாடியின் மேல் கண், மூக்கு, மடிப்பு, நிழல் ஆகியவற்றைத் தீட்டும் மை என்பது இரும்பு அல்லது செம்பின் ஆக்சைடையும் பொடித்த கண்ணாடியையும் சேர்த்து அரைத்த ஒரு கலவை. பிசினும் நீரும் அல்லது காடியும் விட்டுக் குழைத்துத் தீட்டியபின், சூளையில் 600 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் சுட்டால், அது கண்ணாடியோடு உருகி ஒன்றாகிவிடும். நன்றாகச் சுடப்பட்ட கோடு எழுநூறு ஆண்டுகள் நிற்கும். 1860களிலும் 1870களிலும் பல பட்டறைகள், குறைந்த வெப்பத்திலேயே மை இளகட்டும் என்று அதில் வெண்காரத்தைக் கலந்தன. வெண்காரம் ஈரத்தில் கரையும் இயல்புடையது. குளிர்காலந்தோறும் சாளரத்தின் உட்புறத்தில் பனிநீர் வடிய வடிய, சில பத்தாண்டுகளிலேயே முகங்கள் கழுவப்பட்டுப் போயின. அலங்காரக் கலை வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் நிறுவனம் உட்படப் புகழ்பெற்ற பட்டறைகள் பலவும் இந்தத் தவற்றுக்கு ஆளாயின. நீங்கள் பார்த்த இரண்டாம் சாளரம் அந்த இருபது ஆண்டுகளைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

நான் மாலை வகுப்பில் நான்கு ஆண்டுகள் இந்தத் தொழிலைக் கற்றவள். ஆகவே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். கெம்ப் தம் கையால் கண்ணாடியை வெட்டியவரோ தீட்டியவரோ அல்லர். அவர் பட்டறையில் உருவங்களை வரைந்தவர்கள், முழு அளவுப் படமாக்கியவர்கள், கண்ணாடியைத் தேர்ந்து வெட்டியவர்கள், முகத்தைத் தீட்டியவர்கள், உடையை மட்டும் தீட்டியவர்கள், கண்ணாடித் துண்டுகளை இணைக்க ஈயம் பூட்டியவர்கள் எனப் பலர் இருந்தார்கள். கதிர்க்கட்டு அவர்கள் அனைவரின் உழைப்பையும் ஒருவர் பெயரால் மூடிவிடுகிறது. ஒரு சாளரத்தைக் கண்டு "இது யாருடையது" என்று கேட்கும்போது நாம் உண்மையில் எதைக் கேட்கிறோம் என்பதை இங்கே பேசினால் நன்றாக இருக்கும்.

பழஞ்சுவடி எழுதியது:

மிக நல்ல கேள்வி. இதற்கு 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒருவகை விடை எழுதப்பட்டிருக்கிறது என்பதால் யார்க் பேராலயத்தின் பெரிய கிழக்குச் சாளரத்திலிருந்து தொடங்குகிறேன்.

1405இல் பேராலயத்தார் கோவென்ட்ரி நகரைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் என்ற கண்ணாடித் தொழிலாளியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன் மூலச் சுவடி இன்று இல்லை. பிற்காலத்துப் பிரதிகளின் வழியாகவே நமக்குத் தெரிகிறது. மூன்று ஆண்டுகளில் வேலை முடிய வேண்டும். வாரத்துக்கு 4 ஷில்லிங் கூலி. ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் 5 பவுண்டு. வேலை நன்றாக அமைந்தால் இறுதியில் மேலும் 10 பவுண்டு. கூட்டினால் ஏறத்தாழ 56 பவுண்டு வருகிறது. ஈயப்பட்டை அவர்களின் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய வரி இனிமேல்தான் வருகிறது. உருவங்களையும் கதைக் காட்சிகளையும் தார்ன்டன் தம் சொந்தக் கையாலேயே வரைய வேண்டும் என்றும், தேவைப்படும் இடங்களில் தாமே கண்ணாடியில் தீட்டவும் வேண்டும் என்றும் ஒப்பந்தம் வகுக்கிறது. அதாவது, எல்லாவற்றையும் ஒருவரே செய்ய இயலாது என்பதை அன்றைய பேராலயத்தார் நன்கு அறிந்திருந்தார்கள். அதனால்தான் எந்தப் பகுதி தலைமைக் கைவினைஞரின் கையிலிருந்து வர வேண்டும் என்பதை எழுத்தில் வரையறுத்துக்கொண்டார்கள்.

தார்ன்டன் சொன்ன காலத்தில் முடித்தார். சாளரத்தின் உச்சியில் 1408 என்ற ஆண்டும் அவருடைய பெயரெழுத்து முத்திரையும் இருக்கின்றன. தரையில் நிற்பவர் கண்ணுக்கு அவை தெரியா. உலகத்தின் படைப்பில் தொடங்கி, திருவெளிப்பாட்டு நூல் சொல்லும் உலகத்தின் முடிவுவரை, 311 கண்ணாடித் தட்டிகளில் கதை விரிகிறது; உச்சியில் இறைவன் "நானே அகரமும் னகரமும்" என்ற பொருள்பட்ட இலத்தீன் வாசகம் எழுதிய நூலோடு அமர்ந்திருக்கிறார். செலவை ஏற்ற டர்ஹம் ஆயர் வால்டர் ஸ்கெர்லா கீழ்வரிசையில் மண்டியிட்டிருக்கிறார். பணம் கொடுத்தவர் கண்மட்டத்துக்கு அருகில். செய்தவர் உச்சியில், இறைவனுக்கு அருகில். இந்த அமைப்பை நினைக்கும்தோறும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஒளிநிழல் எழுதியது:

பழஞ்சுவடி அவர்கள் சொன்ன ஒப்பந்தமே என் கருத்துக்குச் சான்றாகிறது என்று கருதுகிறேன். "சொந்தக் கையால் வரைய வேண்டும்" என்று எதைக் கேட்டார்கள்? வரைவைத்தானே கேட்டார்கள்! கண்ணாடி வெட்டுவது, ஈயம் பூட்டுவது முதலியவற்றுக்கு அத்தகைய நிபந்தனை ஏதும் இல்லை. ஒரு சாளரத்தின் உயிர் அதன் வரைவில்தான் இருக்கிறது.

பர்மிங்ஹாம் நகரின் புனித பிலிப் பேராலயத்தில் ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த நான்கு சாளரங்களைப் பாருங்கள். அவர் அந்த நகரில் பிறந்து அதே ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றவர். விண்ணேற்றம் 1885இலும், பிறப்பும் சிலுவைப்பாடும் 1887இலும், இறுதித் தீர்ப்பு 1897இலும் அமைக்கப்பட்டன. அந்தச் சிவப்பும், காட்சியைக் குறுக்காகப் பிளக்கும் கூட்டத்தின் நெருக்கமும், மேலே விண்ணும் கீழே மண்ணும் எனப் பிரிந்து நிற்கும் அமைப்பும் ஒரே ஒரு மனத்திலிருந்துதான் வந்திருக்க முடியும். கண்ணாடியை யார் வெட்டினார் என்பதால் அவற்றின் பெருமை கூடவோ குறையவோ போவதில்லை. ஒரு கோயிலை இராசராசன் கட்டினான் என்று சொல்லும்போது கல் சுமந்தவரை நாம் இழிவுபடுத்துவதில்லை அல்லவா?

ஈயப்பட்டை எழுதியது:

ஒளிநிழல் அவர்களே, அந்த நான்கு சாளரங்களையும் நான் நீண்ட நேரம் அமர்ந்து பார்த்திருக்கிறேன். அவற்றின் மேன்மையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டிய பர்ன்-ஜோன்ஸின் வரைவுகளே உங்கள் கருத்துக்கு எதிராகப் பேசுகின்றன. அவர் பெரும்பாலும் நிறமில்லாமல் வரைந்து கொடுத்தார். எந்தக் கண்ணாடி எந்த நிறத்தில் வர வேண்டும், ஈயக் கோடு எங்கே ஓட வேண்டும் என்பவற்றை முடிவுசெய்தவர் அவர் நண்பர் மாரிஸ். நீங்கள் வியந்த சிவப்பைத் தேர்ந்த கை வரைந்தவருடையது அன்று. ஈயக் கோடு என்பது கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் கட்டு மட்டுமும் அன்று; வெளிச்சத்தில் அது கரிய கோடாகத் தெரிவதால், சாளரத்தின் மிக அழுத்தமான வரைகோடே அதுதான். அதை இடம் மாற்றினால் படமே மாறிவிடும். மேலும், மாரிஸ் 1896இல் இறந்துவிட்டார். இறுதித் தீர்ப்புச் சாளரம் அவர் இல்லாமலேயே அவர் பட்டறையில் முடிந்தது.

அந்தப் பட்டறையின் முதல் மேற்பார்வையாளர் ஜார்ஜ் காம்ஃபீல்ட். தொழிலாளர் கல்லூரி ஒன்றின் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த கண்ணாடித் தொழிலாளியான அவரை, 1861இல் நிறுவனம் தொடங்கியபோது மாரிஸ் அழைத்துக்கொண்டார். அவரோடு லண்டன் யூஸ்டன் சாலையில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்திலிருந்து சில பையன்களையும் வேலைக்கு எடுத்தார்கள். அந்தச் சிறுவர்களின் கை பட்ட கண்ணாடிகள் இன்றும் வெயிலில் ஒளிர்கின்றன. அவர்களின் பெயர்களைத் தேடிச் செல்லும் பயணிகள் எவரும் இல்லை.

இந்தப் பிரிவினையே தவறு என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் உரக்கச் சொன்னார். அவர் கிறிஸ்டபர் வால். ஓவியராகப் பயின்று, பெரிய நிறுவனங்களுக்கு வரைந்து கொடுத்தவர். தம் வரைவு பிறர் கையில் உயிரிழந்து வருவதைக் கண்டு மனம் நொந்து, டார்க்கிங் ஊருக்கு அருகே மாட்டுக்கொட்டில் ஒன்றில் சூளை அமைத்து, வெட்டுவது முதல் ஈயம் பூட்டுவது வரை எல்லா வேலைகளையும் தாமே கற்றார். பழங்காலக் கண்ணாடியைப் போல நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருக்கும் ஒரு கண்ணாடியை, கட்டடக் கலைஞர் எட்வர்ட் பிரையர் 1889இல் உருவாக்கியிருந்தார். சதுர அச்சுக்குள் குப்பியாக ஊதி, பின்பு அதன் பக்கங்களைப் பலகைகளாக அறுத்தெடுப்பது அதன் செய்முறை. ஒரே துண்டுக்குள் நிறம் அடர்ந்தும் வெளுத்தும் வருவதால், அதில் ஒளி தேங்கி நிற்பதுபோலத் தோன்றும். குளொஸ்டர் பேராலயத்தின் அன்னை மரியாள் சிற்றாலயத்தில் வால் அந்தக் கண்ணாடியைக் கொண்டு செய்த சாளரங்கள் உள்ளன. மழைநாள் அவர்கள் நடந்த பகுதியிலேயே அவை இருப்பதால் தவறாமல் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வாலின் கருத்தை ஏற்றவர்களில் மேரி லோன்டஸ் என்ற பெண்மணி எனக்கு மிகவும் நெருக்கமானவர். அவர் 1897இல் ஆல்ஃபிரட் டிரூரி என்ற கைவினைஞருடன் சேர்ந்து ஒரு பட்டறை தொடங்கினார். 1906இல் லண்டனின் ஃபுல்ஹம் பகுதியில் அதற்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது. சொந்தமாகச் சூளை வைக்க வசதியில்லாத கலைஞர்கள் அங்கே இடம் வாடகைக்கு எடுத்து, வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாங்களே கண்காணிக்கலாம். பெரிய நிறுவனங்கள் வாய்ப்புத் தராத பெண்கள் பலர் அந்தக் கட்டடத்தின் வழியாகவே இந்தத் தொழிலில் தலைநிமிர்ந்தார்கள். பெண்களின் வாக்குரிமை ஊர்வலங்களுக்குப் பதாகைகள் வரைந்தவரும் இதே லோன்டஸ்தான்.

கோயில் உவமை குறித்து ஒரு சொல்: இராசராசன் காலத்துக் கல்வெட்டில் தலைமைத் தச்சரின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. குஞ்சரமல்லன் என்ற அந்தப் பெயரை நாம் இன்றும் சொல்கிறோம்.

மழைநாள் எழுதியது:

இடையில் ஒரு சொல் ஐயம். அகராதி ஒன்றில் இதற்குக் "கறைக் கண்ணாடி" என்று போட்டிருக்கிறார்கள். பொருந்துமா?

ஈயப்பட்டை எழுதியது:

பொருந்தாது. சிவப்பும் நீலமும் பச்சையும் கண்ணாடி உருகிய நிலையில் இருக்கும்போதே உலோக ஆக்சைடுகளைச் சேர்த்து உருவாக்கப்படுபவை. அவை மேலே ஏறிய கறை அல்ல. "கறையேற்றிய கண்ணாடி" என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் சரியாகப் பொருந்துவது மஞ்சளுக்கு மட்டுமே. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்த அந்த முறையில், வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் பின்புறத்தில் பூசிச் சுடுவார்கள். வெள்ளி உள்ளே ஊடுருவி எலுமிச்சை மஞ்சள் முதல் செம்பொன் நிறம் வரை கொடுக்கும். இதன் பயன் பெரியது. அதற்கு முன்பு ஒரு புனிதரின் தலையும் அதைச் சுற்றிய ஒளிவட்டமும் இரண்டு தனித்தனிக் கண்ணாடிகள். இடையே ஈயம் ஓடும். இந்த முறை வந்தபின் ஒரே வெள்ளைக் கண்ணாடியில் முகமும் பொன்னிற ஒளிவட்டமும் அமைந்தன. "வண்ணக் கண்ணாடி" என்பதே போதுமான, அழகான சொல்.

பழஞ்சுவடி எழுதியது:

செய்தவர்களைப் பற்றிப் பேசும்போது, காத்தவர்களையும் மீட்டவர்களையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும். இன்று நாம் காணும் இடைக்காலச் சாளரம் எதுவும் முதலில் செய்தவர் விட்டுச்சென்றபடி இல்லை.

1642இல், மன்னரை எதிர்த்த உள்நாட்டுப் போரின்போது, நாடாளுமன்றப் படையினர் வின்செஸ்டர் பேராலயத்தின் மேற்குச் சாளரத்தை நொறுக்கினார்கள். மன்னராட்சி திரும்பிய பின்பு, சேர்த்து வைத்த சில்லுகளைக் கொண்டு அதை மீண்டும் நிரப்பினார்கள். ஆனால் எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாததால் கிடைத்தபடி பதித்தார்கள். இன்று அதில் ஒரு முழு உருவமும் இல்லை. இங்கே ஒரு கை, அங்கே ஒரு முடி, இடையே நீலம். கான்டர்பரியில் ரிச்சர்ட் கல்மர் என்ற குருவே ஏணியில் ஏறி நின்று சாளரத்தை ஈட்டியால் உடைத்தார். 1644இல் யார்க் நகரம் அதே படையிடம் சரணடைந்தபோது, படைத்தலைவர் தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் யார்க்ஷயர்க்காரராக இருந்தார். பேராலயத்துக்குக் கேடு வரக்கூடாது என்று அவர் காத்ததால் தார்ன்டனின் சாளரம் பிழைத்தது. உடைத்தவர்கள் அனைவரும் மதவெறி கொண்டவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாலிஸ்பரி பேராலயத்தைச் சீரமைத்த ஜேம்ஸ் வயட், உள்ளே வெளிச்சம் வேண்டும் என்பதற்காகவே பழங்கண்ணாடிகளை அகற்றினார்.

தார்ன்டனின் 311 தட்டிகளும் 2008இல் தொடங்கிய திருப்பணிக்காகக் கழற்றப்பட்டன. நூற்றாண்டுகளாக விரிசல் விழுந்த இடங்களிலெல்லாம் ஒட்டு ஈயம் போட்டுப் போட்டு, முகங்களே வலைக்குப் பின்னால் மறைந்திருந்தன. யார்க் கண்ணாடி அறக்கட்டளையின் கைவினைஞர்கள் அந்த ஒட்டுகளை நீக்கி, உடைந்தவற்றைப் பசையால் இணைத்து, இடம் மாறியிருந்த துண்டுகளை மீட்டமைத்து, வெளியே புறஊதாக் கதிரைத் தடுக்கும் காப்புக் கண்ணாடியும் பொருத்தி, 2018இல் முடித்தார்கள். தார்ன்டனுக்கு மூன்று ஆண்டுகள் பிடித்த வேலையைச் செப்பனிடப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

1984 சூலையில் அதே பேராலயத்தின் தெற்குப் பகுதியில் தீப்பிடித்தது. அங்கிருந்த வட்டமான ரோசாச் சாளரத்தின் ஏறத்தாழ 7,000 கண்ணாடித் துண்டுகளில் சுமார் 40,000 விரிசல்கள் விழுந்தன. ஆயினும் அது கீழே விழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புதான் அதற்குப் புதிய ஈயம் பூட்டியிருந்தார்கள்.

ஒளிநிழல் எழுதியது:

குஞ்சரமல்லனை நான் மறந்தது தவறுதான். ரோசாச் சாளரச் செய்தியைப் படித்தபின் என் முந்தைய கூற்றில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். ஈயம் பூட்டியவர் சாளரத்தின் பெருமையில் பங்கு அற்றவர் என்று இனி எழுத மாட்டேன்.

ஆனாலும் வரைந்தவரின் மனமே முதன்மை என்ற எண்ணம் எனக்கு இன்னும் இருக்கிறது. கென்ட் பகுதியில் டியூட்லி என்ற சிற்றூரின் தேவாலயத்தில் பன்னிரண்டு சாளரங்களும் ஓவியர் மார்க் ஷகாலுடையவை. 1963இல் கடலில் மூழ்கி இறந்த 21 வயது மகளின் நினைவாகப் பெற்றோர் ஒரு சாளரம் மட்டுமே கேட்டார்கள். 1967இல் அது நிறுவப்பட்டபோது நேரில் வந்து பார்த்த ஷகால், மற்ற எல்லாச் சாளரங்களையும் தாமே செய்வதாகச் சொன்னார். அவர் இறந்த 1985ஆம் ஆண்டில்தான் கடைசிச் சாளரங்கள் பொருத்தப்பட்டன. கிழக்குச் சாளரத்தில் கடல்நீலத்தின் அடியில் அந்தப் பெண் மிதக்கிறாள், மேலே ஏணி, அதற்கும் மேலே சிலுவையில் கிறிஸ்து. முன்னால் நின்றபோது நான் ஷகாலைத்தான் கண்டேன். வேறு யாரையும் நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

ஈயப்பட்டை எழுதியது:

தோன்றாதது இயல்பே. ஆனால் அந்த நீலம் ஒரே துண்டுக்குள் அடர்நீலமாகவும் வெளிர்நீலமாகவும் வெண்மையாகவும் மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். வெண்கண்ணாடியின் மேல் மெல்லிய நீல அடுக்கு படிந்த கண்ணாடியை அமிலத்தால் அரித்து அரித்துப் பெறும் விளைவு அது. பிரான்சின் ரீம்ஸ் நகரில் சார்ல் மார்க் என்ற கைவினைஞர் ஷகாலுக்காக அந்த முறையை வளர்த்தெடுத்தார். அவர் அரித்துக் கொடுத்த கண்ணாடியின் மேல் ஷகால் தம் கையாலேயே கரிய மையைத் தீட்டி, துடைத்து, சுரண்டினார். கண்ணாடி காத்திருந்தது, ஓவியர் அதனிடம் வந்தார். ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு அந்தக் கடல் கிடைத்திருக்காது.

இங்கிலாந்திலும் அத்தகைய இணை ஒன்று உண்டு. 1940 நவம்பர் குண்டுவீச்சில் அழிந்த கோவென்ட்ரிப் பேராலயத்துக்குப் பக்கத்தில் எழுந்து 1962இல் அர்ப்பணிக்கப்பட்ட புதிய பேராலயத்தில், திருமுழுக்குத் தொட்டிக்குப் பின்னால் 195 கட்டங்கள் கொண்ட சாளரம் இருக்கிறது. வரைந்தவர் ஜான் பைப்பர். கண்ணாடியில் ஆக்கியவர் பாட்ரிக் ரெயின்டியன்ஸ். நடுவில் வெள்ளையும் மஞ்சளுமாக வெடிக்கும் ஒளி, சுற்றிலும் சிவப்பும் நீலமும். பைப்பரின் தாளில் இருந்தது நீர்த்த வண்ணங்களின் திட்டு; அதை எத்தனை தடிப்பான கண்ணாடியாக, எந்த நீலமாக மாற்றுவது என்பது ரெயின்டியன்ஸின் தீர்ப்பு. அங்கே இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

ஒரு கவலையையும் பதிவுசெய்கிறேன். வாயால் ஊதிச் செய்யும் தட்டைக் கண்ணாடித் தொழில் பிரித்தானியாவில் அற்றுப்போய்விட்டதாக, அழியும் கைவினைகளைக் கணக்கெடுப்போர் 2023இல் அறிவித்தார்கள். இப்போது தேவையான கண்ணாடி ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வருகிறது. தார்ன்டன் காலத்திலும் வண்ணக் கண்ணாடியின் பெரும்பகுதி ஐரோப்பியக் கண்டத்திலிருந்தே வந்தது. ஆயினும் இடையில் பிரையரும் அவரைப் போன்றவர்களும் அரும்பாடுபட்டு இந்த மண்ணில் வளர்த்தது நம் கண்முன்னே நின்றுபோனதை என்னால் எளிதாகக் கடந்து செல்ல முடியவில்லை.

மழைநாள் எழுதியது:

நண்பர்களே, நேற்று மீண்டும் அந்தத் தேவாலயத்துக்குச் சென்றேன். இம்முறை வெயில் இருந்தது. தொலைநோக்கியில் பார்த்தபோது ஐயம் தீர்ந்தது: கதிர்க்கட்டின் நடுவில் சதுரமான கறுப்புக் கோபுரம், மேலே பல் பல்லாகக் கொத்தளம். பித்தளைத் தகட்டில் ஆண்டு 1919. ஆகவே கெம்ப் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்பு, அவர் பெயர் கொண்ட பட்டறையில், அவர் இல்லாமலேயே செய்யப்பட்ட சாளரம் அது.

முகமற்ற சாளரத்தின் அருகிலும் சென்று பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். வெளிச்சம் சாய்ந்து விழுந்த ஒரு கணத்தில், வெறுமையாகத் தோன்றிய கண்ணாடியின் மேல் மை இருந்த இடம் மட்டும் சற்று மங்கலாகத் தெரிந்தது. ஒரு புருவம், மூக்கின் ஓரம், சிறிது திறந்த வாய். தீட்டியவர் மிகவும் தேர்ந்தவராக இருந்திருக்க வேண்டும்; புருவத்தை ஒரே இழுப்பில் போட்டிருக்கிறார். தேவாலயத்தின் வருகைக் குறிப்பேட்டில் இரண்டு சாளரங்களைப் பற்றியும் எழுதிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் குளொஸ்டருக்குச் செல்கிறேன்.